தாளின் இடது பாதி

அவருக்குக் கொக்கி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. அவர் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தின் முதல் படியில் அவர் கால் வைக்கும்போதே "கொக்கி வந்தாச்சு" என்ற சேதி மாடி ஏறிவிடும். மேசைகளில் விரித்த செய்தித்தாள்கள் மறையும். பேச்சு நிற்கும். பீரோக்கள் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும்.

அரசுத் தணிக்கை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, தணிக்கைக் குழுத் தலைவராக ஆனவர் அவர். தணிக்கை என்றால் கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதைப் பார்க்க ஆட்கள் தனி. குழுத் தலைவரின் வேலை கேள்வி கேட்பது. அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு முழுத் தாளை நெடுக்காக நடுவில் மடிப்பார்கள். மடிப்புக்கு இடப்பக்கம் தணிக்கையாளர் தன் கேள்வியை எழுதுவார். வலப்பக்கம் வெறுமையாகப் போகும். அந்த வெறுமையில் துறை அதிகாரி பதில் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பவேண்டும். பதில் நிறைவாக இருந்தால் கேள்வி அத்தோடு தீர்ந்தது. இல்லாவிட்டால் அது வளர்ந்து ஆண்டறிக்கையில் ஒரு பத்தியாகிச் சட்டமன்றத்துக்குப் போகும்.

கொக்கியின் கேள்விகள் சின்னவை. ஒருமுறை சாலைத் துறையில் ரோலர் வண்டிக்கு எரிபொருள் போட்ட ரசீதுகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் குத்தி வைக்கப்பட்டிருந்தன. வேறொரு கோப்பில் அதே ரோலர் பழுதுபார்க்கப் போயிருந்த விவரம் இருந்தது. அவர் இடப்பக்கம் எழுதியது ஒரே வரி: "பட்டறையில் நின்ற நாட்களில் ரோலர் எந்தச் சாலையில் ஓடியது?" தாளை வாங்கிப் படித்த பொறியாளர் முதலில் தண்ணீர் கேட்டார் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்மீதுதான் பொறாமை. அது அவருடைய சகலை.

அந்தச் சகலையைக் கொண்டுவந்ததும் அவரேதான். மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடியபோது மாமனார் இவரிடம், "உங்க ஆபீஸ்ல ஒரு பையன் இருக்கானாமே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க மாப்ளே" என்றார். இவர் விசாரித்தார். தணிக்கை செய்வதுபோலவே செய்தார். பையன் குடியிருந்த வீட்டுக்காரர், சாப்பிட்ட மெஸ்காரர், முடி வெட்டுகிறவர் வரை போய்க் கேட்டார். குறை ஒன்றும் அகப்படவில்லை. "ஆட்சேபணை இல்ல மாமா" என்று வந்து சொன்னார். அந்த வார்த்தைக்காகப் பின்னால் அவர் நொந்துகொள்ளாத நாள் கிடையாது.

கல்யாணமான சில மாதங்களிலேயே மாமனார் வீட்டில் காற்று மாறிவிட்டது. சின்ன மாப்பிள்ளை வந்தால் மாமனார் சிரிக்கும் சத்தம் வாசல் தாண்டிக் கேட்கும். சின்னவர் சீட்டாட உட்கார்ந்து வேண்டுமென்றே தோற்பார். குழாய் ஒழுகினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வாஷர் மாற்றுவார். பெரிய மாப்பிள்ளை வந்தாலோ எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பழைய மோட்டாரை மாற்றியதாக மாமனார் சொன்னபோது, "பழசு என்னாச்சு மாமா? கடைக்காரன் கழிச்சுக்கிட்டானா, இல்ல சும்மா தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று இவர் கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் அதற்குப் பிறகு இவர் இருக்கும்போது அந்த வீட்டில் எதை வாங்கியதையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

"உங்களக் கண்டா அப்பாவுக்கு மரியாதைங்க" என்பாள் மனைவி.

"அவனக் கண்டா?"

"அவரக் கண்டா சந்தோஷம்."

"ரெண்டுல எது பெருசு?"

"இதோ பாருங்க, இதையும் கேள்வி ஆக்காதீங்க."

அலுவலகத்தில் மட்டும் அவருக்கு நிம்மதி இருந்தது. அங்கே சகலை அவருக்குக் கீழே. ஆண்டறிக்கை அச்சாகி வரும்போது எந்தப் பத்தி யாருடையது என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதில் கொக்கியின் பத்திகளே கூடுதல். அவர் அறிக்கையை மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய், பார்வைபடும் இடத்தில் மறந்ததுபோல் வைத்துவிட்டு வருவார். அடுத்த முறை போகும்போது அதன்மேல் கண்ணாடிக் கூடு இருக்கும், அல்லது பால் சொம்பு.

அப்போதுதான் அரசுப் பண்டகத் துறைக்கு இயக்குநர் தேவை, தணிக்கையில் அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கி, கிடங்கில் வைத்து, பிரித்துக் கொடுக்கிற துறை அது. கொக்கி அந்தச் சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்டுப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டார். கேள்வி கேட்கிறவன் போய்ச் சாமான் வாங்குவானேன் என்பது அவர் எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிடும்போது சகலை பேச்சுவாக்கில், "பண்டகத் துறை நல்ல போஸ்டிங்தான் போல அண்ணே. காரு, தனி ரூமு எல்லாம் உண்டாம்" என்றார்.

"நீங்க போட்டுப் பாருங்களேன்" என்றாள் கொழுந்தியாள் தன் புருஷனிடம்.

"பாக்கலாம்" என்று சகலை தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை கதவு திறந்ததும் விண்ணப்பத்தோடு நின்ற முதல் ஆள் கொக்கி. வேலையும் கிடைத்தது. சகலை விண்ணப்பமே போடவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதவி, பொறுப்பு இயக்குநர். ஓர் ஆண்டுத் தணிக்கை முடிந்து, அதில் பெரிய குறை இல்லையென்றால் நிரந்தரம். குறை வந்தால் தாய் அலுவலகத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பினால் பழைய நாற்காலி கிடைக்காது. ஏனென்றால் அவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அதில் சகலையை உட்காரவைத்துவிட்டார்கள். திரும்புகிறவருக்குக் காலியாக இருந்தது ஓய்வூதியப் பிரிவு ஒன்றுதான். அங்கே யாரையும் எதுவும் கேட்க வழியில்லை. வரும் கணக்கைச் சரிபார்த்து அனுப்பவேண்டும், அவ்வளவே.

புதிய அறையில் தரைவிரிப்பு இருந்தது. சன்னலுக்குத் திரை. மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே முன்பிருந்த இயக்குநர்கள் விட்டுப்போன நாட்காட்டிகள். மணியை அடித்தால் ஆள் வரும். முதல் வாரம் அவர் மணியைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார். அடுத்த வாரம் அவருக்கு ஒன்று புரிந்தது. இங்கே எல்லோரும் அவரிடம் கையெழுத்துக்குத்தான் வருகிறார்கள். அவர் கேள்வி கேட்டால், "உத்தரவு சார்" என்கிறார்கள். பயப்படுவதில்லை. பீரோக்கள் சத்தம் போடுவதில்லை. அவர் வலப்பக்கத்து ஆளாகிவிட்டார்.

மாலை நேரங்களில் கார் பழைய அலுவலகத்தின் வழியாகத்தான் திரும்பும். இரண்டாம் மாடியில் தன் பழைய சன்னலில் விளக்கு எரிவதைப் பார்ப்பார். "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்பார் ஓட்டுநரிடம். அந்த நாற்காலியில் ஒரு கை ஆடும். அதை ஒரு சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். அந்தக் கயிற்றைச் சகலை அவிழ்த்திருப்பானா, அப்படியே வைத்திருப்பானா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேருவார்.

இந்த நேரத்தில் மாமனார் பல்பு மாற்றுகிறேன் என்று முக்காலிமேல் ஏறி விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டில் பழையது. நடுவில் தொய்ந்து தொட்டில்போல் இருந்தது. அவர் புரண்டால் கட்டிலும் சேர்ந்து முனகும். கொக்கி நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போய்த் தன்னை இயக்குநர் என்று சொல்லி, கட்டில் மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்டார். அவரும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் சகலை வந்தார். வார்டில் வேலை செய்கிற இரண்டு பேரோடு வராந்தாவில் நின்று பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வார்டில் காலியாக இருந்த நல்ல கட்டில் ஒன்று வந்து சேர்ந்தது.

மறுநாள் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமனார் கட்டிலைத் தட்டிக் காட்டினார். "சின்ன மாப்ளதான் மாத்திக் குடுத்தாரு. பாருங்க, அசங்குதா? ஆளு வந்தாரு, பேசினாரு, முடிச்சாரு."

கொக்கி கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பெரிய மாப்ளகூட எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் மாமனார், நியாயத்துக்கு.

அன்று அலுவலகம் வந்ததும் கொக்கி மருத்துவமனைக் கட்டில் கோப்பை எடுத்துவரச் சொன்னார். கட்டில்கள் வாங்க வேண்டும் என்று மருத்துவமனை எப்போதோ கேட்டு, நிதியும் ஒதுக்கியாகி, கோப்பு காத்துக் கிடந்தது. ஒற்றைக் கட்டிலா மாற்றிக் கொடுத்தான்? நான் ஆஸ்பத்திரிக்கே மாற்றுகிறேன் என்று நினைத்தார். விலைப் பட்டியலில் இருந்த சக்கரம் வைத்த கட்டில்களில் அகலமானதாகப் பார்த்து விரலை வைத்தார்.

மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். பண்டகத் துறையில் பல இயக்குநர்களைப் பார்த்தவர். "சார், வார்டு வாசல் அளவு கேட்டு எழுதியிருக்கோம். இன்னும் வரலை."

"கட்டில்தானேம்மா வாங்கறோம், கப்பலா?"

"இல்ல சார், அளவு வந்துட்டா..."

"படுத்திருக்கறவங்க அளவு வர்ற வரைக்கும் எந்திரிச்சு நிப்பாங்களா?"

நல்ல பதில் என்று அவருக்கே தோன்றியது. கையெழுத்துப் போட்டார். பணிக்காலம் முழுக்க, அடுத்தவர்கள் போட்ட இப்படிப்பட்ட கையெழுத்துகளைத் தேடிப் பிடித்தே பெயர் வாங்கியவர் அவர்.

கட்டில்கள் லாரியில் வந்து இறங்கின. பளபளவென்று இருந்தன. இரண்டு நாளில் பெரிய டாக்டர் தொலைபேசியில் அழைத்தார்.

"கட்டில் அருமையா இருக்கு சார். ஆனா வார்டு வாசல விட நாலு விரக்கடை அகலம்."

"உள்ளயே போகலையா?"

"ஒருக்களிச்சுத் தூக்கினா போகுது. ஆனா ஆபரேஷனுக்கு வெளிய தள்ளிட்டு வரணுமே. நோயாளியையும் ஒருக்களிக்கவா சார்?"

கட்டில்கள் திரும்பிக் கிடங்குக்கு வந்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், சுவரோரம் வரிசையாக நின்றன. மாமனார் அதற்குள் குணமாகி, சின்ன மாப்பிள்ளை மாற்றிக் கொடுத்த கட்டிலிலிருந்தே இறங்கி வீட்டுக்குப் போயிருந்தார்.

தணிக்கைக் குழு வரும் தேதி தெரிந்தது. குழுத் தலைவர் யார் என்பதும் தெரிந்தது. கொக்கி உடனே தணிக்கைத் தலைமைக்குத் தொலைபேசினார். "உறவுக்காரங்க ஒருத்தர் துறைய ஒருத்தர் தணிக்கை பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கே?"

"சின்னவரும் அதத்தான் எழுதிக் குடுத்தார். விதிய எடுத்துப் பாத்தோம். பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, சம்சாரத்தோட கூடப் பொறந்தவங்க, எல்லாம் இருக்கு. சகலை இல்ல."

"அதெப்படி இல்லாமப் போகும்?"

"நீங்கதானே சார் அந்த வரைவத் திருத்தினது?"

ஆமாம், அவர்தான். பிரிவில் ஒருவர் சகலையையும் சேர்த்துத்தான் வரைவு கொண்டுவந்தார். இவர், "இதெல்லாம் ஒரு உறவாய்யா?" என்று சொல்லி அந்த வார்த்தையை அடித்துவிட்டார். அப்போது சகலைக்குக் கல்யாணமாகி, மாமனார் சிரிக்க ஆரம்பித்திருந்த சமயம்.

குழு வந்தது. பின்கட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதல் நாளே அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கொக்கிக்குத் தாங்கவில்லை. அவர் தணிக்கைக்குப் போன எந்த ஊர் அலுவலகத்திலும் யாரும் சிரித்ததில்லை. இப்போது அவருடைய ஆட்களே அங்கே போய் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிடங்குக்காரர் தன் மகள் பரீட்சையில் தேறிய கதையைச் சொல்கிறார். மேலாளர் அம்மாகூட, "அவரு தங்கமான மனுஷன் சார்" என்று அவரிடமே வந்து சொன்னார்.

"வந்த வேலையப் பாக்கறானா அந்தத் தங்கம்?"

"பாக்கறாரு சார். பேசிக்கிட்டே பாக்கறாரு."

மடித்த தாள்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகக் கொக்கியின் மேசைக்கு வந்தன. வலப்பக்கம் பதில் எழுதவேண்டியவர் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு சொல் அதிகம். இதை இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கவேண்டும். இது கேள்வியே இல்லை, விண்ணப்பம். மேலாளர் அம்மா பதில்களை எழுதிவர, அவர் படித்துக் கையெழுத்திட்டார். ஒன்றும் பெரிய குறை இல்லை. நிரந்தரம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

கடைசியாகக் கட்டில் தாள் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெளியே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அவர் தாளை விரித்தார். இடப்பக்கம் சகலையின் வட்ட வட்டமான கையெழுத்தில் இப்படி இருந்தது:

"மருத்துவமனைக்கென வாங்கப்பட்ட கட்டில்கள் கிடங்கில் வழங்கப்படாமல் உள்ளதாகத் தெரிகிறது. இதற்கான காரணத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

மேலாளர் அம்மா பதிலையும் தனித் தாளில் எழுதி இணைத்திருந்தார்: "மருத்துவமனையின் புதிய கட்டடப் பணி முடிந்ததும் வழங்கப்படும்." பொய் இல்லை. புதிய கட்டடம் உண்மையிலேயே எழும்பிக்கொண்டிருந்தது. அதை வலப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தணிக்கை முடிந்தது. கார் தங்கும். அறை தங்கும். மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளையாகவே இருப்பார்.

அவர் பேனாவைத் திறந்தார். ஆனால் கண் இடப்பக்கத்தை விட்டு வரவில்லை.

தெரிகிறதாம். கேட்டுக்கொள்ளப்படுகிறதாம். கட்டில் கிடங்கில் நிற்பது காவல்காரனுக்கும் தெரியும். ஏன் நிற்கிறது என்றா கேட்பது? அப்படிக் கேட்டால் ஆயிரம் காரணம் சொல்லிவிட்டுப் போய்விட மாட்டானா? இவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் எனக்காக மழுக்கியிருக்கிறான். முதலாவது என்றால், அந்த நாற்காலியில் உட்கார இவனுக்கு என்ன தகுதி? இரண்டாவது என்றால், இவன் எனக்குப் பிச்சை போடுகிறானா? வார்டில் டீ வாங்கிக் கொடுத்துக் கட்டில் மாற்றியதுபோல, இப்போது எனக்கும் ஒன்று மாற்றிக் கொடுக்கிறானா?

பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். கீழே பணிபுரிந்தவர்களின் வரைவைத் திருத்திய அதே பழக்கத்தில் முதல் வாக்கியத்தை அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். மேலே எழுதினார்: "கட்டில் வாங்கும் முன் கதவை அளந்தது யார்?"

படித்துப் பார்த்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று! இதிலிருந்து ஒருவனும் தப்ப முடியாது. பென்சிலில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. அதன்மேலேயே பேனாவால் எழுதினார்.

அதன் பிறகு வலப்பக்கம் வெறுமையாக இருப்பது உறுத்தியது. புதிய கட்டடப் பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. பொருந்தாத பதில் எழுதுகிறவர்களை அவர் எப்படியெல்லாம் ஏளனம் செய்திருக்கிறார்! கை நிற்காமல் எழுதியது: "யாரும் அளக்கவில்லை. அளவு வருமுன் ஆணையில் கையெழுத்திட்டவன் நான்." கீழே கையெழுத்து, பதவி முத்திரை. மணியை அடித்தார்.

மேலாளர் அம்மா வந்து தாளை வாங்கினார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சார், இது அவங்க பக்கம். நம்ம பக்கம் இந்தப் பக்கம்."

"தெரியும்மா. எனக்கு அந்தப் பக்கம்தான் எழுத வரும். குடுத்தனுப்புங்க."

"இப்பவேவா? காலையில ஒருதடவை பாத்துட்டு..."

"இப்பவே."

தாள் போனது. டீ வந்தது. பாதி டீ குடிக்கும்போதுதான் அந்தக் கேள்வியில் மாட்டியிருப்பது யார் என்பது அவருக்கு உறைத்தது. மீதி டீயைக் குடிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சகலை வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கொக்கி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது?"

"உங்க கேள்வி மொண்ணையா இருந்துச்சு சகல. கூர் பண்ணிக் குடுத்தேன்."

"மொண்ணைன்னு யாரு சொன்னா?"

சகலை பையிலிருந்து இன்னொரு மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலும் இடப்பக்கம் நிரம்பியிருந்தது. மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டு வாசலின் அகலம், கட்டிலின் அகலம், அளவு கேட்டுத் துறை எழுதிய கடிதத்தின் தேதி, அது வருமுன்பே ஆணை போன தேதி. அவரே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறார்.

"நான் எப்பவும் முதல் கேள்விய இப்படித்தான் அண்ணே கேப்பேன். எதிராளி மனசாரப் பதில் எழுதட்டும்னு விடுவேன். புதுக் கட்டடம், அது இதுன்னு நீங்க எழுதியிருந்தா, அந்தப் பதிலுக்கு மேல இதத்தான் அனுப்பியிருப்பேன்."

"எனக்கா?"

"விதியில நான் உங்களுக்கு உறவே இல்லையே."

கொக்கி அந்த இரண்டாம் தாளை மறுபடி படித்தார். வாக்கியங்கள் நீளம். அந்த விஷயத்தில் தன்னுடையதுதான் மேல். ஆனால் இந்த ஏற்பாடு! முதலில் கதவைத் திறந்துவைத்து, ஆள் தானாக உள்ளே வந்த பிறகு தாழ்ப்பாள் போடுவது. இத்தனை வருடத்தில் இது தனக்கு ஏன் தோன்றவில்லை? வேலை போகப்போகிறது என்கிற பயத்தைவிட அதுதான் அவரை முதலில் குத்தியது.

"இத யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. உங்க கேள்வியப் பாத்தாலே ஆளுங்க வாய மூடிக்குவாங்க. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நான் அவங்கள வாயத் திறக்க விட்டுப் பாத்தேன்." சகலை எழுந்தார். "கையெழுத்துப் போட்டுட்டீங்க. இனி நான் திருப்பித் தர முடியாது. பொய் எழுதாமத் தப்பிச்சீங்க, அது ஒண்ணுதான். வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

வீட்டில் கொக்கி தானே சொன்னார். மனைவி பாதி கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு கேக்காதத நீங்களே கேட்டு, நீங்களே பதிலும் சொன்னீங்களா?"

"அவன் கேட்டது சரியில்ல."

"சரியில்லாமப் போகட்டுமே! அவரு மார்க்கா போகும்? உங்க காருல்ல போகுது?"

"ஒரு கேள்விய அப்படிக் கேக்கக் கூடாது."

அவள் எழுந்தாள். "உங்களுக்கு அவரு மேல இருக்கற எரிச்சல்ல பாதி எம்மேல பாசமா இருந்திருந்தா, நான் மகாராணியா இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பதவியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு வருவதற்கு முன் கொக்கி ஒரு வேலை செய்தார். டேப்பை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், சகலை அளந்த வாசல்களையெல்லாம் தானும் அளந்தார். ஓர் இடத்தில்கூடத் தப்பு இல்லை. அது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாசல்களை இடித்து அகலப்படுத்த மதிப்பீடு போட்டு, பொறுப்பு இயக்குநராகக் கடைசிக் கையெழுத்தை அதில் போட்டார். கொத்தனார்கள் வேலையை முடித்ததும் பெரிய டாக்டர் அழைத்து, "இப்ப நேராவே போகுது சார்" என்றார். அப்போது கொக்கி ஓய்வூதியப் பிரிவில் சுவரைப் பார்த்த நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலிக்கு இரண்டு கைகளும் உறுதியாக இருந்தன.

ஆண்டறிக்கை வெளிவந்தது. கட்டில் பத்தியைச் செய்தித்தாள்கள் எடுத்துப் போட்டன. ஒரு செய்தித்தாள் அதற்குத் தலையங்கமே எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மாமனார் இப்போது தடி ஊன்றி நடந்தார். பெரிய மாப்பிள்ளைக்கு ஏதோ மாற்றல் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதற்கு மேல் மகள்கள் இருவரும் சொல்லவில்லை. அவர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். "'கட்டில் வாங்கும் முன் கதவை அளந்தது யார்?' ஆஹா! எப்படிக் கேட்டிருக்கார் பாருங்க! ஒரே வரி. சின்ன மாப்ளே, இது உங்க குழு எழுதினதாமே?"

"ஆமாப்பா, இவரு போன ஆடிட்டுதான்" என்றாள் கொழுந்தியாள் முகமெல்லாம் பூரிக்க.

"குழுவா எழுதினது மாமா" என்றார் சகலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எவனோ ஒரு மடையன் அளக்காம வாங்கியிருக்கான். பெரிய மாப்ளே, உங்க துறைதானே? யாரு அந்த ஆளு?"

கொக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வி தன்னுடையது என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது காலத்துக்கும் சின்ன மாப்பிள்ளையின் கேள்வியாக இந்த வீட்டில் நிற்கும். சொன்னால் மடையனையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனைவி கதவோரம் நின்று வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

"கேட்டதும் நான்தான் மாமா. அளக்காம வாங்கினதும் நான்தான்."

மாமனார் ஒரு கணம் விழித்துவிட்டு, சத்தமாகச் சிரித்தார். வாசல் தாண்டிக் கேட்கும் சிரிப்பு. "பெரிய மாப்ளைக்கும் தமாஷ் வருது பாரேன்!" என்று மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தச் சிரிப்பு தன் வார்த்தைக்குக் கிடைத்தது என்பதைக் கொக்கி புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். கை கழுவும் இடத்தில் சகலை பின்னால் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"பாராட்டுக் கடிதம் குடுத்திருக்காங்க அண்ணே. ஆபீஸ்ல எல்லாரும் அந்த ஒத்த வரியத்தான் சொல்றாங்க. நான் எழுதின ரெண்டாம் தாள ஒருத்தன் படிக்கல."

கொக்கி சோப்பை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நானும் எழுதி எழுதிப் பாக்கறேன். அப்படி வரமாட்டேங்குது." சகலை ஈரக் கையை உதறினார். "வயிறு எரியுது அண்ணே. உண்மையாவே எரியுது."

"அந்த நாற்காலியில கயிறு கட்டியிருந்தேனே. அவுத்துட்டீங்களா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

கொக்கி தன் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சகலையிடம் நீட்டினார். பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் போட்டதைச் சாப்பிட்டு எழுந்திருப்பாரே தவிர, தனக்கென்று வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. அன்று மாமியார் அவரைத் தாண்டிப் போனபோது இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்றார்.